நீ விட்ட இடைவெளியில் வலை இழுக்கிறார்கள்

தம்பிக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள். ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் ஒழுங்காகத்தான் கிளம்புகிறது. வலப்பக்கம் போகப் போக, தண்ணீர் ஏறிய படகுபோல் சரிந்துவிடுகிறது. ஓர் எழுத்து கொட்டைப்பாக்கு அளவுக்கு இருக்கும், அடுத்தது எறும்பு அளவுக்கு. வலை பின்னுகிற ஊசியைப் பிடிப்பதுபோலத்தான் எனக்குப் பேனாவைப் பிடிக்க வருகிறது. அழுத்திய அழுத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தும் போனது. உறையைப் பார்த்ததும் இது யார் எழுத்து என்று நீ திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். அக்கா எழுத்து இல்லை. அவள் எழுத்து முத்துக் கோத்ததுபோல் இருக்கும் என்று உனக்குத் தெரியும். இது உன் அப்பன் எழுதியது. யாரும் கை பிடித்துவிடவில்லை, நானே எழுதுகிறேன். வேறொரு தாளில் எழுதி, அக்காவிடம் காட்டித் தப்பைத் திருத்திக்கொண்டு, அப்புறம் இதில் பார்த்து எழுதுகிறேன். அதனால் நாள் பிடிக்கிறது. "இது உன் அப்பன் எழுதியது" என்ற வரியை முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். உன் அம்மா வந்து, வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாசி மகத்துக்கு நீ வந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கக் கரையில் இருந்தது, நீ மட்டும் வீட்டில் தட்டில் இருந்த மீனைக் கிளறிக்கொண்டிருந்தாய். அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாய். "வாத்தியாருங்க கூட்டத்துல, போன்ல அனுப்பற பாடத்த எத்தன புள்ளைங்க கேக்கறாங்கன்னு பெரிய திரையில எல்லா ஸ்கூலையும் போட்டாங்கப்பா. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு. என்னுது சிவப்பு. அத்தன பேர் முன்னாடி எழுந்து நிக்கச் சொல்லி, ஏன் சார் உங்க புள்ளைங்க யாரும் பாடம் கேக்கறதே இல்லன்னாங்க. லீவு நாள்ல எல்லாம் உக்காந்து தொண்டை கட்டப் பேசி அனுப்பறேன். ஒரு புள்ள கேக்கல. அந்த ஊரு ஜனத்துக்குப் படிப்பு வேணாம்பா, மீன் இருந்தாப் போதும். இனிமே ஒரு பாடமும் அனுப்பப் போறதில்ல. டவுனுக்கு மாத்தல் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்." அம்மா, "நீ இருக்கற டவுன்லயேன்னா நல்லதுதானேடா, தெனம் ஆட்டோக் காசு மிச்சம்" என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்துபோனேன். அப்பா எதையும் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருப்பாய். அப்படி இல்லை தம்பி. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதை வாயால் சொல்வதைவிட எழுத்தாகக் கொடுத்தால்தான் நீ நம்புவாய் என்று தோன்றியது. ஒரு பிள்ளையும் கேட்கவில்லை என்றாயே, நான் கேட்டேன். நீ அனுப்பிய ஒரு பாடத்தையும் விடாமல் கேட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். அக்கா பெண் ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததிலிருந்து உன் பாடத்தை எல்லாம் அக்கா வீட்டுப் போனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாய் இல்லையா. அந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அது மாப்பிள்ளையிடம் இருக்கிறது. அவர் கடலிலிருந்து வந்ததும் தூங்கிவிடுவார். மீன் வியாபாரி கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே என்று போனை வலைக்கூடத்தில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் கடலுக்குப் போவதை விட்ட பிறகு பகல் பொழுது அங்கேதான் என்று உனக்குத் தெரியும். நானும் உன் கோவிந்தன் மாமாவும் இன்னும் சில பேரும் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்போம். ஐப்பசி மழையில் ஒரு நாள் போன் டிங் என்றது. வியாபாரி என்று நினைத்து அமுக்கினேன். உன் குரல் வந்தது. "கண்ணு, நல்லா இருக்கியா? இன்னைக்கு நாம ஒரு எழுத்து பார்க்கலாமா?" என்றாய். நீ பிறந்ததிலிருந்து என்னிடம் அவ்வளவு கொஞ்சிப் பேசியதில்லை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அப்புறம் நீ எழுத்தைச் சொன்னாய். "இப்ப நீ சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாய். அந்த இடைவெளியில் கோவிந்தன் மாமா தன்னை அறியாமல் "அ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அடுத்த தடவை எல்லோரும் சொன்னோம். ஏன் சொன்னோம் என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு நானே யோசித்துப் பார்த்தேன். பெரிய வலை இழுக்கும்போது முன்னால் நிற்கிறவன் பாட்டில் ஓர் அடி சொல்லி நிறுத்துவான். அவன் நிறுத்தின இடத்தில் கயிற்றில் இருக்கிற அத்தனை பேரும் அதைத் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். சின்ன வயசிலிருந்து அதே பழக்கம். ஒருத்தன் சொல்லி நிறுத்தினால் எங்கள் வாய் தானாகத் திறந்துவிடும். நீ ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விட்ட இடைவெளி எங்களுக்கு அப்படியே பொருந்திவிட்டது. மறுநாள் மழைக்கு ஒதுங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போனில் சார்ஜ் இல்லை என்றால் மாப்பிள்ளையைத் திட்டும் அளவுக்கு ஆகிவிட்டது.

உன் அம்மாவுக்கு விஷயம் போயிற்று. "எமன் வரும்போது கையெழுத்து போடச் சொல்லுவானா? இன்னாத்துக்கு இந்த வயசுல ஆனா ஆவன்னா?" என்றாள். "போடச் சொன்னா நான் போட்டுட்டு உள்ள போயிடுவேன். நீ கைநாட்டு வரிசையில நின்னுகினு இரு" என்றேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தி.

உன் பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அது அலுத்துக்கொள்ளாதது. ஒரே எழுத்தை எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே சொல்கிறாய். அக்காவிடம் மூன்றாவது தடவை கேட்டால், "அதான் சொன்னேனேப்பா" என்பாள். நேற்றுச் சொன்னது இன்றைக்கு மறந்துபோகிற என் மாதிரி ஆளுக்கு, கோபப்படாத வாத்தியார் பெரிய வரம். நீ எழுதிக் காட்டி அனுப்புகிற வீடியோவில் உன் கை மட்டும் வரும், முகம் வராது. கட்டை விரலில் தூண்டில் முள் கிழித்த தழும்பு இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எழுத்து எந்தப் பக்கம் வளைகிறது என்று கற்றுக்கொண்டேன். தழும்பு மேலே போனால் மேலே, கீழே வந்தால் கீழே. மணலில் எழுதினேன், படகின் பக்கத்தில் கரியால் எழுதினேன், அதற்காக மாப்பிள்ளையிடம் பேச்சும் வாங்கினேன். அப்புறம்தான் தாள்.

ஒரு குறையும் சொல்லவேண்டும், வாத்தியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் "சபாஷ், கண்ணு!" என்கிறாய். ஒரு நாள் வேண்டுமென்றே நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போதும் சபாஷ் என்றாய். இன்னொரு நாள் நீ கேட்ட எழுத்துக்கு "கெளுத்தி" என்றேன். அதற்கும் சபாஷ். கூடத்தில் ஒரே கும்மாளம். ஆனால் அதே சபாஷில்தான் உன் கோவிந்தன் மாமாவும் மாட்டிக்கொண்டார். எல்லோரையும்விட அவர் குரல்தான் பெரிசு. எல்லாம் வந்துவிட்டது என்று நாங்களும் நினைத்தோம், அவரும் நினைத்தார். ஒரு நாள் ஐஸ் பெட்டியில் எழுதியிருந்த பெயரைக் காட்டி, "படி மச்சான்" என்றேன். முழித்தார். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அத்தனை நாளும் பக்கத்தில் இருந்தவன் குரலைப் பிடித்துக்கொண்டு பாடியிருக்கிறார். கயிற்றில் கை வைத்துக்கொண்டு இழுக்காமல் நடந்து வருகிறவன் மாதிரி. போனுக்கு அது தெரியாது. உன் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவர் கண்ணைப் பார்த்தே நீ கண்டுபிடித்திருப்பாய். முகம் சுருங்கிப்போய் இரண்டு நாள் கூடத்துக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய், "வா மச்சான், முதல்லேருந்து நாம ரெண்டு பேர் மட்டும் பார்க்கலாம்" என்று கூட்டிவந்தேன். இப்போது அவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார், குரல்தான் பாதியாகிவிட்டது.

நீ போன பிறகு எனக்கு ஒரு யோசனை குடைந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு இவ்வளவு இனித்த பாடம் உன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் கசந்தது? உன்னிடம் கேட்டால், "உனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்பாய். அதனால் உனக்கு நம் கடலூரில் கூட்டம் இருந்த நாளாகப் பார்த்து நான் அந்தப் பக்கம் கிளம்பினேன். நீ வடக்கே வர, நான் தெற்கே போனேன். கடலூர் பஸ் நிலையத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் போர்டைப் படித்து ஏறுவது என்று முடிவு செய்தேன். சி, த, ம் என்று கூட்டி முடிப்பதற்குள் முதல் பஸ் போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், "இன்னா பெரியவரே, வர்றியா, வேடிக்கை பாக்குறியா?" என்றார். "படிச்சுகினு இருக்கேன், கொஞ்சம் இரு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விசில் ஊதாமல் இருந்தார். வழியெல்லாம் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் அவ்வளவு பெயரும் அங்கேதான் நின்றிருக்கின்றன, எனக்குத்தான் தெரியவில்லை.

சிதம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் உன் பள்ளி இருக்கும் ஊருக்குப் போனேன். பள்ளிக்குள் நுழையவில்லை. உனக்குத் தெரியாமல் உன் வகுப்பை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. நேராகக் கரைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் மீனை ரகம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் செல்வி. அவள் மகள் உன்னிடம் இரண்டாம் வகுப்பு படிக்கிறாளாம். வாத்தியார் போனில் பாடம் அனுப்புகிறாரே, பிள்ளை கேட்கிறதா என்று கேட்டேன்.

"எங்க மாமா கேக்கறது? போனு அவுரோட கடலுக்குப் போயிடுது. வந்தா சட்டைப் பையில போட்டுகினு தூங்கறாரு. எழுந்தா வியாபாரி. வெளக்கு வெக்கற நேரத்துல கைக்கு வந்தா நெட்டு தீந்து போயிருக்கும். ஒரு நாள் கெடச்சுது, கேக்க வெச்சேன். சாரு 'சொல்லு'ன்னாரு, இது வாயே தொறக்கல. ஸ்கூல்ல எல்லாரும் சேந்து சொன்னா கத்துது. தனியா சொல்லச் சொன்னா வெக்கம். சாரு கொஞ்ச நேரம் பாத்தாரு, அப்புறம் அவுரே சபாஷ்னுட்டாரு" என்று சிரித்தாள்.

அதற்குள் படகிலிருந்து இறங்கி வந்த அவள் வீட்டுக்காரர், "யாரு, நம்ம வாத்தியார் பாடமா?" என்றார். "அது கடல்ல ஓடுது மாமா. எங்க போட்டுல தெனம் அதான். மொதல்ல யாரோ வெளையாட்டுக்குப் போட்டானுங்க. அவுரு சொல்லிட்டு நிறுத்துவாரு பாருங்க, அந்த எடத்துல நாங்க சொல்லிகினே வலைய ஒரு இழுப்பு இழுப்போம். சபாஷ் கண்ணும்பாரு. அடுத்த இழுப்பு. பாட்டு போட்டாக்கூட இவ்ளோ ஒத்து வராது. ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தன் வாங்கி எல்லா போட்டுக்கும் போயிடுச்சு."

தம்பி, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். உன் பாடத்தை யாரும் கேட்கவில்லை என்று ஒரு திரை சிவப்பாக எரிந்தது. அதே நேரம் உன் குரலுக்கு அங்கே வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. நீ அனுப்பிய இடத்திலேயே திறந்து கேட்டால்தான் அந்தக் கணக்கில் ஏறும் என்று அக்கா பிறகு விளக்கினாள். இவர்களோ போனுக்குப் போன் மாற்றி, சிக்னல் இல்லாத ஆழத்தில் கேட்டிருக்கிறார்கள். உன் அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன். கரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் நீயும் அந்தத் திரையை நம்பினாயே, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தச் செல்விக்குப் படிப்பு வேண்டாம் என்று இல்லை. மகள் வாயைத் திறக்கவில்லையே என்ற கவலையை என்னைப்போல் முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு மாமா, இவ்ளோ விசாரிக்கறீங்க?" என்று அப்புறம்தான் கேட்டார்கள். வாத்தியாருடைய அப்பா என்றேன். இரண்டு பேரும் கயிறு இழுத்துக் காய்த்துப்போன என் கையைப் பார்த்தார்கள். "சாரு நம்ம ஜனமா? டவுன் வூட்டுப் புள்ளன்னுல்ல நெனச்சோம்!" என்றாள் அவள். நீ மறைத்தாய் என்று நான் நினைக்கவில்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நீயும் சொல்லியிருக்க மாட்டாய். பள்ளிக்கும் கரைக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது, அதைத் தாண்டி வர உனக்கு நேரமும் இருந்திருக்காது. பதிவேடு, கூட்டம், பயிற்சி என்று உன்னைப் பிழிந்து எடுக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று புரிந்தது. நீ பாடம் பேசும்போது உன் மனசில் ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, கையில் தனிப் போன் இருக்கிறது. பயிற்சியில் அப்படித்தான் காட்டியிருப்பார்கள். நீயும் அக்காவும் அப்படியா வளர்ந்தீர்கள்? நம் வீட்டில் யார் எதைத் தனியாகச் செய்தோம்? பெரிய வலை இழுக்கிற கயிற்றின் கடைசியில் தொங்கிக்கொண்டு, பெரியவர்களோடு சேர்ந்து கத்தினவன்தானே நீ. அந்தப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரு குரல் கேட்டால் வாயைத் திறக்காது, நாலு குரலோடு சேர்ந்தால் திறக்கும். திறந்த பிறகு, கோவிந்தன் மாமாவைப்போல் யார் சும்மா பாடுகிறது, யாருக்கு எழுத்து தெரிகிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். போனால் அது முடியாது. நீதான் வேண்டும்.

நான் ஓர் அதிகப்பிரசங்கித்தனமும் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஊர் வலைக்கூடத்தில் ஸ்பீக்கர் இருக்கிறது, காற்று மழை எச்சரிக்கை சொல்வதற்கு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் உன் பாடத்தை அதில் போட்டால் என்ன என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன். பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பன்மாரும் அங்கேதான் இருக்கிறார்கள், பாடமும் அவர்களுக்கு மனப்பாடம். ஒருவர், "போடலாம் பெரியவரே. ஆனா சாரு ஒரு தபா வந்து கேக்கட்டும். போன்ல பேசறவரு நேர்ல வந்தா நல்லா இருக்கும்" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். கூட்டத்தில் மறுபடி சிவப்புதான் காட்டும், ஸ்பீக்கரில் கேட்டது எந்தக் கணக்கிலும் ஏறாது. அதை நீ தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அத்தனை பேர் முன்னால் மறுபடி எழுந்து நிற்க வேண்டும் என்றால் யாருக்கும் வலிக்கும். வலிக்காது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

லீவுக்குப் பள்ளி மூடுவதற்குள் மாற்றல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாய். கொடுப்பதானால் கொடு. டவுன் பிள்ளைகளும் பிள்ளைகள்தான், எங்கே போனாலும் நீ நல்ல வாத்தியார். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, நான் உன்னிடம் படித்தவன். கோபத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே. ஒரு சாயங்காலம் அந்தத் தெருவைத் தாண்டிக் கரைக்குப் போய், அவர்களோடு நின்றுவிட்டு, அப்புறம் போடு.

இன்னொரு விஷயம், இதுதான் அவசரம். நீ கடைசியாக அனுப்பினது நண்டுக் கதை. அந்தக் குட்டி நண்டு வீடு தேடிக்கொண்டு கிளம்பியது. முதல் சங்கு சின்னது, இரண்டாவது சங்கில் ஆள் இருந்தது, மூன்றாவது சங்கு ஓட்டை. "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நாளைக்குச் சொல்றேன்" என்று நிறுத்தினாய். மறுநாள்தான் உன்னை எழுந்து நிற்கச் சொன்ன அந்தக் கூட்டம். அதோடு சரி. வலைக்கூடத்தில் தினமும் சண்டை. நண்டு பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும் என்கிறார் கோவிந்தன் மாமா. தேங்காய் ஓட்டுக்குள் போயிருக்கும் என்கிறார் மாப்பிள்ளை. உன் ஊரில் செல்வி வீட்டுக்காரரும், நான் யார் என்று தெரிந்ததும் முதலில் கேட்டது இதைத்தான்: "மாமா, அந்த நண்டுக்கு வூடு கெடச்சுதா இல்லையா? போட்டுல யாருக்கும் வேலையே ஓடல." எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அம்மாகூட நேற்று, "அது என்னாச்சாம்?" என்று கேட்டாள், கேட்காததுபோல் கேட்டாள்.

உறையின்மேல் உன் விலாசத்தை நானே எழுதப்போகிறேன், தபால்காரர் பாவம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதும் அடுத்ததைத் தொடங்குவேன், வருகிற வாரம் அது உன் கையில் இருக்கும். அதற்குள் வரி நேராகப் போகப் பழகிக்கொள்கிறேன். நீயும் அதற்குள் பேசி அனுப்பு. நீ எங்களுக்கு விடுகிற அளவுக்கு இந்தத் தாளின் அடியில் நானும் இடம் விட்டிருக்கிறேன். நண்டு கடைசியில் எங்கே போயிற்று, கண்ணு? இப்ப நீ சொல்லு.

 

 

சபாஷ்.

அப்பா